கிறிஸ்துமஸ் அன்று அடிதடி... முடிஞ்சதும் கட்டிப்பிடி! பெருவின் 'டகனாகுய்' திருவிழா எதற்காக?

தென் அமெரிக்க நாடான பெருவில், கூஸ்கோ பகுதியில் இருக்கிறது சும்பிவில்காஸ் மாகாணம். ஆண்டிஸ் மலை மேல் உள்ள இந்த ஊர்களில், ஒவ்வொரு டிசம்பர் 25-ம் தேதியும் பகையாளிகள் ஊர் பார்க்க நேருக்கு நேர் மோதிக்கொள்கிறார்கள். இதற்குப் பெயர் 'டகனாகுய்'. கெச்சுவா மொழியில் 'ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறது' என்று அர்த்தம்.

எதுக்கு இந்தச் சண்டை?

நிலத் தகராறு, காதல் விவகாரம், அவமானப்படுத்திய பேச்சு... இப்படி வருஷம் முழுக்க மனசுல தேங்கிய கோபத்தை அன்றோடு தீர்த்துவிட வேண்டும். புது வருஷத்துக்குப் பகையைக் கொண்டுபோகக் கூடாது. பகையே இல்லாமல், வீரத்தைக் காட்ட மட்டும் இறங்குபவர்களும் உண்டு. பெண்களும் மோதுகிறார்கள்.

ரூல்ஸ் என்னென்ன?

* ஆயுதம் கூடாது. கையும் காலும் மட்டும்தான்.
* கடிக்கக் கூடாது, முடியைப் பிடித்து இழுக்கக் கூடாது.
* கீழே விழுந்தவரை அடிக்கக் கூடாது.
* மீறினால், நடுவர் கையில் சாட்டை தயார்!

முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடிக்க வேண்டும். தோற்றவருக்குத் திருப்தி இல்லையென்றால் மறுபடியும் மோதக் கேட்கலாம். கம்பளி முகமூடி, 'வாய்லியா' பாட்டு, ஆட்டம் என ஊரே திருவிழாவாகிவிடும்.

டிங்குவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பக்கத்து நாடான பொலிவியாவின் பொடோசி பகுதியில், மாச்சா ஊரில் மே மாதம் நடப்பது 'டிங்கு'. அங்கே ஊருக்கு ஊர் மோதல். மண்ணில் சிந்தும் ரத்தம் பூமித்தாய் 'பச்சமாமா'வுக்குக் காணிக்கை, விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. அதில் உயிர்களே போயிருக்கின்றன. கூட்டத்தைக் கலைக்க போலீஸ் கண்ணீர்ப்புகை வீசுவதும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மலைக் கிராமத்துக்காரருக்கு கோர்ட் படியேறுவது என்றால் தூரமும் செலவும்தான். பெருவின் 1993 அரசியலமைப்பின் 149-வது பிரிவு, கிராமச் சமூகங்கள் தங்கள் வழக்கப்படி நீதி வழங்க இடம் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமைகளை மீறக் கூடாது என்பது நிபந்தனை.

சிக்கலும் இங்கேதான். பலசாலி ஜெயிப்பதால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஆகிவிடாதே? உண்மைதான். யார் சொன்னது சரி என்று டகனாகுய் தீர்ப்பு சொல்வதில்லை. 'இதோட முடிஞ்சுது' என்பதற்கு ஊரைச் சாட்சியாக்குகிறது. நாளைக்கும் ஒரே சந்தையில், ஒரே மேய்ச்சல் நிலத்தில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு, அந்த முடிவுதான் முக்கியம்.