ரத்தம் எல்லாத்தையும் சொல்லிடுமா?



சென்ற ஆண்டு நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி ஐயாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். எதற்கு என்று கேட்டோம். "டவுன் லேப்ல ரத்தம் குடுத்தா, உடம்புல எங்க கேன்சர் இருந்தாலும் தெரிஞ்சிடுமாம்க்கா. பார்த்துட்டா மனசு நிம்மதியாயிடும்" என்றார். தனியாக உட்கார வைத்து விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆனவருக்கு, இரண்டு மாதமாக மறுபடியும் ரத்தம் படுகிறது. வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை.

கடனை நிறுத்தி வைத்தோம். மறுநாளே ஊக்குநர் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாயில் சிறிது சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது.

ரத்தம் மட்டும் கொடுத்து, 'நார்மல்' என்று தாள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிம்மதியாக வீட்டில் இருந்திருப்பார். நோய் வளர்ந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ரத்தத்தில் என்ன தெரியும்?

சில புற்றுநோய்கள் சில பொருட்களை ரத்தத்தில் கலக்கும். இவற்றை 'ட்யூமர் மார்க்கர்' என்பார்கள். சினைப்பைக்கு சி.ஏ.125, குடலுக்கு சி.இ.ஏ., ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கு பி.எஸ்.ஏ. என்று பல உண்டு. ஆனால் இவை புகை மாதிரி. புகை வந்தால் கூரைதான் எரியுது என்று சொல்ல முடியுமா? அடுப்பும் எரியலாம். சி.ஏ.125 மாதவிலக்கு நாளிலும் கூடும். கர்ப்பப்பை நார்க்கட்டி, வயிற்றில் காசநோய் இருந்தாலும் கூடும். அதற்காகப் பயந்து சாக வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு சி.ஏ.125 கூடுவதே இல்லை. மார்பகக் கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இரண்டையும் ஆரம்பத்திலேயே நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கை கொடுக்காது. ரத்தப் புற்றுநோய் மட்டும் கொஞ்சம் வேறு. அதில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையிலேயே சந்தேகம் வந்துவிடும். அதையும் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை வீணா?

இல்லவே இல்லை. நம் சகோதரிக்குக் கரண்ட் வைத்தார்கள். கூடவே வாரம் ஒரு மருந்தும் ஏற்றினார்கள். "அன்னிக்கு ரத்த டெஸ்ட் வேணாம்னீங்க, இப்ப வாராவாரம் ரத்தம் எடுக்குறாங்களே அக்கா!" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அந்த ரத்தம் நோயைக் கண்டுபிடிக்க அல்ல, உடம்பு மருந்தைத் தாங்குமா என்று பார்க்க.

• வெள்ளை அணு குறைந்தால் கிருமி சுலபமாகத் தொற்றும். மருந்தைச் சில நாள் தள்ளி வைப்பார்கள்.
• ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்தால் ரத்தம் ஏற்றுவார்கள்.
• தட்டணு குறைந்தால் ரத்தக்கசிவு வரலாம்.
• சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள்.

சிலருக்கு சிகிச்சைக்கு முன் மார்க்கர் கூடுதலாக இருக்கும். சிகிச்சையில் அது இறங்குகிறதா, பிறகு மறுபடி ஏறுகிறதா என்று மருத்துவர் கவனிப்பார். அப்போதும் ஸ்கேன், நேரடிப் பரிசோதனையோடு சேர்த்துத்தான் முடிவு சொல்வார்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி, மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண் இருந்தால் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தத் தாள் நார்மல் என்றாலும் போக வேண்டும்.

2. தொந்தரவு இல்லாவிட்டாலும், 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை கர்ப்பப்பை வாய், மார்பகம், வாய் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்று 2016-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

3. 'சதை எடுத்தா நோய் பரவிடும்' என்ற பேச்சை நம்பாதீர்கள். பெரும்பாலான கட்டிகளில் நோயை உறுதி செய்வது அந்தச் சோதனைதான்.

4. புற்றுநோய் மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது.

5. எல்லாத் தாள்களையும் தேதி வாரியாக ஒரே பையில் வையுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். புற்றுநோய் சிகிச்சைக்கும் அது உதவும்.

குழுவில் யாராவது பரிசோதனைக்குக் கடன் கேட்டால், கொடுப்பதற்கு முன் 'உடம்புக்கு என்ன பண்ணுது?' என்று தனியாக, அன்பாகக் கேளுங்கள். எங்கள் சகோதரிக்கு அந்த ஒரு கேள்விதான் வழி காட்டியது. சிகிச்சை முடிந்து இப்போது கூட்டத்துக்கு வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டி வருகிறார்.

அடுத்த கூட்டத்தில் இதை உரக்க வாசியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள்.