அட்டெண்டன்ஸ் 87 சதவீதம்... ஆனாலும் மேத்ஸில் அரியர்! ஃபேகல்டி அட்வைசர் கண்ணில் படாதது எது?

காலை எட்டு மணிக்கு பீர்க்கன்கரணையில் ஜிஎஸ்டி ரோட்டோரம் நின்று பார்த்தால் தெரியும். கழுத்தில் ஐடி கார்டு, காதில் இயர்போன், பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் எதிர்பார்த்து நிற்கும் கல்லூரிக் கூட்டம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதியைச் சுற்றி, தாம்பரம் தொடங்கி வண்டலூர், காட்டாங்கொளத்தூர் வரை கல்லூரிகள்தான். பெருங்களத்தூரில் டிராஃபிக் மாட்டிக்கொண்டால் முதல் பீரியட் காலி.

‘ஒரு பீரியட்தானே, என்ன ஆகிடப் போகுது?’ என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு 8 பீரியட் என்று வைத்துக்கொள்வோம். தினமும் முதல் பீரியடை மட்டும் தவறவிடும் மாணவருக்கு 12.5 சதவீதம் குறையும், மீதி 87.5. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வெழுத எல்லாப் பாடங்களையும் சேர்த்து 75 சதவீத வருகை போதும். எனவே அவருடைய வருகைக் கணக்கைப் பார்க்கும் ஃபேகல்டி அட்வைசருக்கு அவர் ‘ஓகே’தான். ஆனால், வாரத்தில் நான்கு கணித வகுப்புகள். அவற்றில் மூன்று முதல் பீரியடில் வருகின்றன என்றால்? அந்த மாணவர் நான்கில் ஒரு வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். இது கணித ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். அவருக்கோ, இந்தப் பையன் மற்ற பாடங்களுக்கு ஒழுங்காக வருவது தெரியாது. ‘படிப்பில் அக்கறை இல்லாதவன்’ என்று நினைத்துவிடுவார்.

ஆளுக்குப் பாதி தெரிகிறது. அந்த இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் செமஸ்டர் முடிவில் வருவது அரியர்.

ஃபேகல்டி அட்வைசர் யார்?

தனியாக நியமிக்கப்படும் அதிகாரி இல்லை. துறையின் ஆசிரியர் ஒருவரிடமே குறிப்பிட்ட எண்ணிக்கையில் மாணவர்களைத் துறைத்தலைவர் ஒப்படைப்பார். பாடங்களைப் பதிவு செய்ய வழிகாட்டுவது, வருகையையும் மதிப்பெண்ணையும் கவனிப்பது, அவ்வப்போது கூப்பிட்டுப் பேசுவது, தேவைப்பட்டால் பெற்றோரிடம் சொல்வது எல்லாம் அவர் வேலை. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் வரும் வீடுகளில் இவர் இன்னும் முக்கியம். கிரெடிட், இன்டர்னல், அரியர் என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரைக் கேட்பது?

பாட ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே மேஜையில் உட்கார விதியிலேயே ஓர் இடம் இருக்கிறது. அதன் பெயர் வகுப்புக் குழு, பேச்சுவழக்கில் கிளாஸ் கமிட்டி. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர்தான் தலைவர்; ‘அவர் பாடம் புரியலை சார்’ என்று தைரியமாகச் சொல்ல முடிவது அதனால்தான். மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. அட்வைசரையும் அழைக்கலாம். தேர்வுகளுக்குப் பிறகு மதிப்பெண்களை அலசுவதும், பின்தங்கும் மாணவர்களுக்குக் கூடுதல் உதவி தரும்படி ஆசிரியர்களைக் கேட்பதும் இந்தக் குழுவின் பொறுப்புகள்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு பல இடங்களில் மினிட்ஸ் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது என்பதும் உண்மை. ‘ஃபேன் ஓடலை, புரொஜெக்டர் வேலை செய்யலை’ என்பதோடு கூட்டம் கலைந்துவிடும். முதல் இன்டர்னல் முடிந்த அந்த வாரத்தில், பாட ஆசிரியர் ஒவ்வொருவரும் கவலை தரும் ஐந்து பெயர்களை அட்வைசரிடம் கொடுத்தாலே நிலைமை மாறும். மூன்று பட்டியலில் ஒரே பெயர் இருந்தால் பிரச்சினை பாடத்தில் இல்லை. வீட்டிலோ, பணத்திலோ, மனசிலோ இருக்கிறது. ஒரே பட்டியலில் மட்டும் இருந்தால் அந்தப் பாடத்துக்கு உதவி போதும். 2021 விதிமுறைப்படி தியரி பாடங்களில் இன்டர்னலுக்கே 40 மதிப்பெண். காத்திருந்தால் நஷ்டம்.

அமெரிக்காவில் அட்வைசிங் என்பதே தனி உத்தியோகம். அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012 முதல் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைக் கணினியில் கண்காணித்து, சறுக்கல் தெரிந்ததும் அட்வைசருக்குத் தகவல் அனுப்புகிறது. இங்கே அட்வைசருக்கும் வகுப்பு, லேப், பேப்பர் திருத்துவது எல்லாம் உண்டு. பொறியியல் இளநிலைப் படிப்புக்கு ஏஐசிடிஇ வைத்திருக்கும் அளவே 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆகவே, இந்த வேலைக்கென டைம்டேபிளில் ஒரு மணி நேரம் ஒதுக்காமல் ‘கவுன்சிலிங் பண்ணுங்க’ என்பது நியாயமில்லை.

ஆசிரியர் மாணவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது தாம்பரத்துக்குப் புதிதும் இல்லை. 1937-ல் இங்கே இடம்பெயர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் விடுதி ஹால்களில் பேராசிரியர்களே வார்டன்களாக இருந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

கூடாது. ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ராத்திரி வேலைக்குப் போறேன் மேடம்’ என்று மாணவி அட்வைசரிடம் சொன்னது ஸ்டாஃப் ரூம் பேச்சாகக் கூடாது. ‘இந்த மாதம் அசைன்மென்டுக்கு அவகாசம் வேண்டும்’ என்பது மட்டும் பாட ஆசிரியருக்குப் போனால் போதும். மன அழுத்தம் என்றால் அட்வைசரும் கைவைக்கக் கூடாது. கவுன்சிலரிடம் அனுப்ப வேண்டும். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற கவுன்சிலர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. ஆசிரியர், அலுவலர் எல்லாருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும் என்றும் சொன்னது.

வருகை 75-க்குக் கீழே இறங்கிவிட்டால்? 65 வரை இருந்தால் மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு மட்டும் உரிய சான்றிதழோடு விலக்குக் கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது. ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். பஸ் லேட் என்பது அந்தச் சான்றிதழ் பட்டியலில் இல்லை. அட்வைசரிடம் அதை முதல் மாதமே சொன்னால், காலை முதல் பீரியடில் இருக்கும் கணிதத்தை வேறு பீரியடுக்கு மாற்ற முடியுமா என்று கிளாஸ் கமிட்டியிலாவது கேட்டுப் பார்க்கலாம்.

மனசு சரியில்லை, பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.