வைக்கோல் கொடுத்தால் பெட்ரோல்!

யூரியா மூட்டையைப் பிரிக்கும்போது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால், யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியாவை, காற்றில் உள்ள நைட்ரஜனிலிருந்து தயாரிக்க முடியும் என்று 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டியது அந்த ஊர் தொழில்நுட்பக் கல்லூரியில்தான். மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ் படித்ததும் அங்கேதான். இன்று அது ‘கார்ல்ஸ்ரூ தொழில்நுட்ப நிறுவனம்’.

1947-ல் தொடங்கிய ஹானோவர் தொழிற்கண்காட்சியில் தன் ஆராய்ச்சிகளைக் காட்சிக்கு வைக்கும் பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. பேட்டரி, ஹைட்ரஜன் என்று அங்கே பெரும்பாலும் நகரத்துச் சரக்குதான். விவசாயிகள் கவனிக்க வேண்டியது, இந்த நிறுவனத்தின் ‘பயோலிக்’ திட்டம். வைக்கோலில் இருந்து பெட்ரோல் எடுக்கும் முறை இது.

வைக்கோலை வைத்து என்ன தொழில் செய்தாலும் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். வண்டி நிறைய ஏற்றினாலும் அதில் பெரும்பகுதி காற்றுதானே! அதனால் இவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வேலை, வயலுக்குப் பக்கத்திலேயே. நறுக்கிய வைக்கோலைச் சூடான மணலோடு கலந்து, காற்றுப் படாமல் 500 டிகிரி செல்சியஸில் வறுக்கிறார்கள். சில நொடிகளில் அது ஆவியாகவும் கரியாகவும் பிரிகிறது. ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். அதில் கரித்தூளைக் கலந்தால் கெட்டியான கறுப்புக் குழம்பு. அதே அளவு இடத்தை அடைக்கும் வைக்கோலைவிட இதில் 10 மடங்குக்கு மேல் எரிசக்தி இருக்கிறது. எவ்வளவு தூரமானாலும் டேங்கரில் கொண்டு போகலாம்.

இரண்டாவது வேலை பெரிய ஆலையில். அங்கே 1,200 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் குழம்பை வாயுவாக்கி, அந்த வாயுவைப் பெட்ரோலாக மாற்றுகிறார்கள். 2014-ல் இந்த எல்லா கட்டங்களும் சோதனை ஆலையில் ஓடிவிட்டன. ஒரு கிலோ எரிபொருளுக்குச் சுமார் 7 கிலோ வைக்கோல் தேவை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இது இன்னும் சோதனை ஆலைதான். பங்க் பெட்ரோலோடு விலையில் போட்டி போடும் நிலை வரவில்லை. அதோடு, ஒரு டன் நெல் வைக்கோல் வயலைவிட்டுப் போனால் சுமார் 15 கிலோ பொட்டாசியமும் கூடவே போகிறது. ஆலையில் அது சாம்பலோடு உருகிக் கசடாகிவிடும். அதை வயலுக்குத் திருப்ப வழி செய்யாவிட்டால், பொட்டாஷ் மூட்டைக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் விவசாயிதான்.

அங்கே அதிகம் சோதித்தது கோதுமை வைக்கோலை. நெல் வைக்கோலில் சிலிக்கா கூடுதல், சாம்பலும் கூடுதல். தவிர, பஞ்சாபில் வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோல், நம்மூரில் மாட்டுக்குத் தீவனம். அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோலை உருளைகளாகக் கட்டி வண்டியேற்றிவிடுகிறார்கள். மாடு வைத்திருப்பவர் கொடுக்கும் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தால்தான், இங்கே எந்த ஆலைக்கும் வைக்கோல் கிடைக்கும்.