பெயர் கம்பெனியுடையது, நஷ்டம் யாருடையது?

பெயர் பெற்ற ஒரு ஸ்தாபனத்தின் சரக்கை, அதன் பெயர்ப்பலகையின் கீழ், தன் சிறு முதலைப் போட்டு விற்று ஜீவிக்கும் முறை, ஆவின் பாலகங்களைக் கண்டு பழகிய தாம்பரம்வாசிகளுக்குப் புதிதன்று. ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி 2001-இல் அன்றைய ஆந்திரத்து நல்கொண்டா மாவட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களைக் கொண்டு தொடங்கிய ‘சக்தி’ திட்டம், வியாபார அனுபவமோ பெரிய முதலோ இல்லாதவர்களும் சோப்பும் ஷாம்பூவும் விற்றுக் குடும்பத்துக்குத் துணை நிற்கலாம் என்பதைக் காட்டி, பல மாநிலங்களுக்கும் பரவிற்று.

இவ்வழியில் மெய்யான நன்மை உண்டு. ஆயினும், பெயரும் விலையும் கம்பெனியின் வசமிருக்க, வாடகையும் மின்கட்டணமும் விற்காமல் தேங்கிய சரக்கின் நஷ்டமும் கடைக்காரரின் தலையிலேயே விழக்கூடிய ஏற்பாடு இது என்பதை, குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் நகையை அடகு வைத்தோ குழுக் கடன் வாங்கியோ ஏஜென்சி எடுக்கத் துணியும் சகோதரிகள் முன்னதாகவே அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வகை வியாபாரத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தப் பத்திரமே பிரதான ஆதாரம். டெபாசிட் எப்போது திரும்பும், விற்காத சரக்கை எடுத்துக்கொள்வார்களா, அதே தெருவில் இன்னொருவருக்கும் கடை கொடுப்பார்களா, எக்காரணத்தால் உரிமையை ரத்து செய்வார்கள் என்பனவெல்லாம் தமிழில் எழுதப்பட்டு, நாம் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. மாதந்தோறும் நிச்சய லாபம் என்று வாயால் சொல்லிவிட்டு எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுத்தல் தகாது.

பெயரையே திருடுவோரும் இருக்கிறார்கள். கடை தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் போலி இணையதளங்களைப் பற்றி அமுல் நிறுவனமே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. ஆள் சேர்த்தால்தான் வருமானம் என்றால் அது வியாபாரமே அன்று. பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது.

ஏமாந்தவருக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மோசடியால் பெற்ற சம்மதத்தின் பேரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தை, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி ரத்து செய்யக் கோரலாம். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று பத்திரத்தில் அச்சிட்டிருந்தாலும், நியாயமான நஷ்டஈட்டுக்கு மேல் வசூலிக்க அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு இடங்கொடுப்பதில்லை. இது பலருக்கும் தெரியாத பாதுகாப்பு. சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிய இயந்திரம் பழுதானதாக இருந்தால், வாங்கியவர் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோரே. 2 ஆண்டுகளுக்குள் தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை.

இணைய வழியில் பணம் போயிருந்தால், மானக்கேடு என்று மறைத்து வைக்காமல், அந்தக் கணமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை: வருமானம் எவ்வளவாயினும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி பெறப் பெண்களுக்கு உரிமை உண்டு, அதற்கான எண் 15100.