பாட்டனாரின் ஸேப்டி ரேஸர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் சங்கத்து அன்பர்களில் சிலர் கோயிலுக்குச் செல்வர். சிலர் மனைமக்களுடன் சின்ஹகட் கோட்டைக்குச் செல்வர். யாமோ மங்கள்வார் பேட்டையிலுள்ள ஜூனா பாஜாருக்குச் செல்வோம். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கே பழம்பொருட் சந்தை கூடும். பூட்டு, கடிகாரம், துருப்பிடித்த திருப்புளி, செல்லாக் காசு ஆகியவற்றிற்கிடையே யாம் தேடுவது ஒன்றே ஒன்று: பழைய ஸேப்டி ரேஸர். பதினோராண்டுத் தேடலில் இருபத்தேழு ரேஸர்கள் சேர்ந்து, இரண்டு பிஸ்கட் டப்பாக்களை நிறைத்துள்ளன. இதைப்பற்றி வாய் திறந்தாலே அலுவலக நண்பர்கள் எழுந்து போய்விடுகின்றனர். எமக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் ‘பிளேடு’ என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இப்பித்து எமக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒரு குற்றம். எம் பாட்டனார் 1952-இல் வட ஆர்க்காட்டிலிருந்து கிர்க்கிக்கு வேலை தேடி வந்தவர். ஊரில் இருந்தவரை, நாவிதர் திண்ணைக்கு வந்து சவரம் செய்துவிட்டுப் போவார். இங்கோ விடியற்காலைச் சங்கொலிக்கு முன் முகம் மழித்து, குளித்து, ஆலை வாயிலில் நிற்க வேண்டும். ஆகவே கிர்க்கி பஜாரில் யாரோ பயன்படுத்திய ஜில்லெட் ரேஸர் ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தில் செய்தது, பொன்முலாம் பூசியது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அதனாலேயே சவரம் செய்து கொண்டார்.

அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து டிரங்குப் பெட்டியைத் திறந்த எம் தந்தையார், அதை எம் கையில் கொடுத்தார். சவர்க்கார அழுக்குப் படிந்து கறுத்திருந்தது. தீபாவளிக்கு முதல் நாள். வீட்டில் பித்தளைப் பாத்திரங்கள் விளக்கிக் கொண்டிருந்தனர். யாமும் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்த்தோம். அழுக்குப் போயிற்று, பொன்னும் போயிற்று! அன்னையார், “குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறதே!” என்று மகிழ்ந்தார். தந்தையார் வாங்கிப் பார்த்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா இதைத் துணியால்கூட அழுத்தித் துடைக்கமாட்டார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அதைப் போன்ற ஒன்றைப் பொன் அழியாமல் கண்டுபிடித்து அவரிடம் கொடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம். ஆனால் அதைப் போன்றது எது? அதை அறியவே ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க வியாபாரி, தேய்ந்தால் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடு ஒன்றைச் செய்ய விரும்பினார். அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினப்படுத்திக் கூர் தீட்ட முடியும் என்று செய்து காட்டியவர் நிக்கர்ஸன் என்ற பொறியியலார். 1903-ஆம் ஆண்டு விற்பனை தொடங்கியது. அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 ரேஸர்களும் 168 பிளேடுகளுமே! ஆனால் முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்காக 35 லட்சம் ரேஸர்களும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளும் வாங்கியது. பிரிட்டிஷ் படையிலோ 1916 வரை மேல்மீசையை மழிக்கலாகாது என்பது விதி. அவ்வாண்டில்தான் அது நீங்கிற்று. போர்முனையிலிருந்து மீண்டவர்கள் தம்மைத் தாமே மழித்துக் கொள்ளும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டு சென்றனர். பட்டாளம் தங்கிய ஊராகிய புனேயில் இத்தகைய ரேஸர்கள் இன்றும் அகப்படுவது வியப்பன்று.

பிளேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே பருமன் உள்ளது. விரல்களிடையே வைத்தால் வளையும் அது தடித்த தாடியை எங்ஙனம் அறுக்கிறது? மேல்மூடி வில்போல் வளைந்திருக்கிறது; கைப்பிடியை முறுக்கும்போது பிளேடும் அதனோடு வளைந்து இறுகி விறைப்புப் பெறுகிறது. இச்சூழ்ச்சியை முதன்முதல் உணர்ந்தபோது யாம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

வயதறிய, முதலில் பிளேடு அமரும் இடத்தைப் பார்க்க வேண்டும். தொடக்க காலத்துப் பிளேடில் மூன்று வட்டத் துளைகள் இருந்தன. 1930-இல்தான் நடுவே நெடிய பிளவு வந்தது. அப்பிளவும் ஜில்லெட்டின் சொந்தச் சரக்கன்று. ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்து கெய்ஸ்மன் என்பவருடன் காப்புரிமைப் பூசல் நேர்ந்து, அவ்வாண்டே இரு நிறுவனங்களும் ஒன்றாயின. பிளவுக்குப் பொருந்தும் நீள்மேடு தகட்டில் இருக்குமாயின், அந்த ரேஸர் 1930-க்குப் பிற்பட்டது. பாட்டனாருடையதில் மேடு உண்டு.

அமெரிக்காவில் செய்தவற்றில் 1951 முதல் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருப்பர். ‘ஈ 2’ என்பது 1959-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. எம்மிடமுள்ள குண்டு ரேஸர் அத்தகையது. ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட வளையத்தைத் திருப்பினால் பிளேடு கூடவோ குறையவோ வெளிப்படும். இங்கிலாந்துச் சரக்குகள் பலவற்றில் இக்குறி இல்லை. அவற்றில் சீப்புப் பல் போன்ற விளிம்பா, நேர்விளிம்பா, கைப்பிடியின் வரிகள் எத்தகையவை, எடை எவ்வளவு என்று தடவித் தடவித்தான் அறிய வேண்டும். பாட்டனாருடையது பல் விளிம்பு; ஓரத்துப் பல் ஒன்று என்றோ விழுந்து சற்றே வளைந்திருக்கிறது.

தேடிய பொருளை விட்டு வேறு பொருளில் மயங்கியதும் உண்டு. ரோல்ஸ் ரேஸர் என்பது ஒரு தகரப் பெட்டி. ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல்வார். பெட்டிக்குள்ளேயே கத்தியை முன்னும் பின்னும் ஓட்டித் தீட்டலாம். ‘க்ளிக், க்ளிக்’ என்ற அதன் ஓசைக்காகவே நூற்றைம்பது ரூபாய் கொடுத்தோம். இல்லத்தரசியாரிடம் எண்பது என்று சொன்னோம். இவ்விதழ் வீட்டுக்கு வருகிறது என்பதை இப்போதுதான் நினைக்கிறோம்.

இவை யாவும் யாருக்குப் பயன் என்று வினவுவோர் ஒருமுறை ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்திற்குச் சென்று வரலாம். மூக்குக்கண்ணாடி வியாபாரியான கேல்கர், 1920-ஐ ஒட்டித் தொடங்கி பாக்குவெட்டி, விளக்கு, குதிகால் தேய்க்கும் ‘வஜ்ரி’ என்று வீட்டுச் சாமான்களையே தேடித் திரட்டினார். இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் பெயரை அத்தொகுதிக்கு இட்டு, 1975-இல் மாநில அரசிடம் ஒப்படைத்தார். எம் பிஸ்கட் டப்பாவை அதனோடு ஒப்பிடும் துணிவு எமக்கில்லை. எனினும் பாக்குவெட்டியின் முன் நெடுநேரம் நின்ற மனிதர் ஒருவர் இவ்வூரில் வாழ்ந்தார் என்பது எமக்கு ஆறுதல்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பெரியவர் ஒருவர் விரித்திருந்த கோணியில் அது கிடந்தது. அதே பல் விளிம்பு, அதே வரிகள், பொன் அழியாமல்! “விலாயதி மால், சாஹேப்” என்று அவர் நானூறு கேட்டார். வழக்கமாக “காகா, கொஞ்சம் குறையுங்கள்” என்று வாதாடும் யாம், அன்று மறுபேச்சின்றிக் கொடுத்தோம். வீட்டில் இளஞ்சூட்டு நீரில் சோப்புக் கலந்து ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் மெல்லத் தடவி, ஸ்பிரிட்டால் துடைத்துத் தந்தையார் முன் வைத்தோம்.

அவர் அதைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் பல் விளிம்பை ஒருமுறை தடவினார். “நல்ல சாமான்தான், தம்பி. ஆனால் அப்பாவுடையதில் ஒரு பல் வளைந்திருக்குமே” என்று சொல்லித் திருப்பித் தந்தார். பிறகு, “அந்தப் பித்தளையை எடுத்து வா” என்றார்.

அன்று முதல் அவர் அந்த ரேஸரால்தான் சவரம் செய்து கொள்கிறார். கடையில் வாங்கும் இக்காலத்துப் பிளேடு அதில் குறையின்றிப் பொருந்துகிறது. பொன்முலாம் ரேஸர் டப்பாவில் இருபத்தேழாவதாகப் படுத்திருக்கிறது.

அன்பர்கள் தம் இல்லத்துப் பரணில் பழைய ரேஸர் காணின், பழைய இரும்புக்காரரிடம் போடுமுன், அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொணர்ந்தால் அதன் வயதைக் கூடியவரை பார்த்துச் சொல்வோம். அழுக்குடனேயே கொண்டு வாருங்கள். புளி போட வேண்டா.