கரியமில வாயு கம்ப்ரசர் நம் கடைக்கு ஒத்து வருமா?

பால், தயிர், ஐஸ்கிரீம், குளிர்பானம் விற்கும் மளிகைக் கடைகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் பெருகிவிட்டன. அக்கடைகளில் இரவு பகலாக மின்சாரம் எடுப்பது குளிர்பெட்டியின் கம்ப்ரசர். அதன் உழைப்பு, உள்ளே ஓடும் வாயுவைப் பொறுத்தது. அந்த வாயுக்கள் இப்போது மாறி வருவதால், வணிகர்கள் இதுபற்றி அறிந்திருப்பது நலம்.

ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-22 படிப்படியாக விலக்கப்படுகிறது. ஆர்-404ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் ஒரு கிலோ கசிந்தால் சுமார் 3,900 கிலோ கரியமில வாயு வெளியானதற்குச் சமமாகப் பூமி சூடாகும். 2016-ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி இவ்வகை வாயுக்களும் 2032 முதல் குறைக்கப்படும்.

எனவேதான் கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது. இது தீப்பற்றாது, விலையும் குறைவு. அதே குளிர்ச்சிக்குச் சிறிய கம்ப்ரசரே போதும். ஐரோப்பாவில் பல பேரங்காடிகளில் இது ஓடுகிறது.

நம் ஊருக்கு இடையூறு வெயில்தான். 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கரியமில வாயு திரவமாகாது. நம் பகல் வெப்பமோ பெரும்பாலான மாதங்களில் அதைத் தாண்டும். அப்போது கம்ப்ரசர் 90 பார் அழுத்தத்துக்கும் மேல் தள்ள வேண்டும். ஆர்-134ஏ வாயுவுக்கு 12, 13 பார் போதும். ஆகவே குழாய்கள் கனமாக வேண்டும், மின்செலவும் ஏறும். வெப்ப நாட்டுக்கு ஏற்ற அமைப்பு குறித்துப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் நார்வே ஒத்துழைப்புடன் ஆய்வுகள் நடந்துள்ளன.

கரியமில வாயுவுடன் புரொப்பேன் கலப்பது இன்னொரு வழி. அழுத்தம் தணியும், புரொப்பேனின் தீப்பற்றும் தன்மையும் குறையும். ஆனால் கலவை கசிந்தால் ஒரு வாயு முந்தி வெளியேறி, விகிதம் மாறிவிடும். பிறகு குளிர்ச்சி குறையும், மின்கட்டணம் கூடும்.

வணிகர்கள் இன்று செய்யத்தக்கவை: பெட்டியின் தகட்டில் எழுதியுள்ள வாயுவையே நிரப்பச் சொல்லுங்கள். வேறு வாயு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எண்ணெய் ஒத்துப்போகாமல் கம்ப்ரசர் கெடும். ஆர்-290, ஆர்-600ஏ எனத் தகட்டில் இருந்தால் அது தீப்பற்றும் வாயு. பழகிய மெக்கானிக் மட்டுமே தொடட்டும். கலவை வாயு கசிந்தால் மேலே நிரப்பாமல், முழுவதும் எடுத்துவிட்டு எடைபோட்டுப் புதிதாக நிரப்புவதே முறை. உப்புக்காற்று வீசும் கடலோரக் கடைகளில் கண்டன்சரை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். எந்த வாயுவானாலும் இதனால் மின்செலவு மிச்சமாகும்.