அடுப்பங்கரையில் ஒரு வானவில்

அமெரிக்காவில் பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் ஒரு விசித்திரமான மோகம் உண்டு. 1880-களில் அச்சான இரண்டு வெள்ளி டாலர்களை மேஜையில் வைத்துக்கொள்வோம். ஒன்று பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. மற்றதில் மஞ்சள், கருஞ்சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று மயில்கழுத்து நிறங்கள். இந்த இரண்டாவதற்குப் பல மடங்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. இதை 'டோனிங்' என்கிறார்கள். நம் வீட்டுக் கணக்கில் இது வெள்ளிக் குங்குமச்சிமிழில் படிகிற கறுப்புதான். விபூதி போட்டுத் தேய்த்து எடுத்துவிடுவோம்.

விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும். இந்த வானவில்லை வீட்டு அடுப்பிலும் ஓவனிலும் வரவழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எப்படி வருகிறது, வந்தால்தான் என்ன தப்பு என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் நிறம். நாணயத்தின் மேல் சாயம் எதுவும் இல்லை. காற்றிலும் துணியிலும் காகிதத்திலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற மெல்லிய படலமாகிறது. அதன் கனம் மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்கிற அளவில்தான். ஒளி விழும்போது ஒரு பகுதி படலத்தின் மேல்தளத்திலிருந்து திரும்புகிறது; இன்னொரு பகுதி உள்ளே போய், அடியில் இருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்புகிறது. பின்னது சற்றுக் கூடுதல் தூரம் நடந்திருக்கிறது. இரண்டு அலைகளும் சந்திக்கும்போது முகடோடு முகடு சேர்ந்தால் ஒளி கூடும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அழியும். நீலம் அழிந்தால் நமக்கு மஞ்சள் தெரிகிறது. படலம் இன்னும் தடித்துப் பச்சை அழிந்தால் கருஞ்சிவப்பு. அதற்கும் மேலே போனால் நீலம். மழை பெய்த தார்ச்சாலையில் சிந்திய டீசலும் சோப்புக் குமிழியும் காட்டுகிற அதே வேடிக்கை.

இந்த நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இயற்கையாக இது நேர்ந்ததற்குப் பின்னால் ஒரு அரசியல் கதை இருக்கிறது. 1878-ல் அமெரிக்க காங்கிரஸ் பிளாண்ட்-அலிசன் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அரசு மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள வெள்ளியை வாங்கி நாணயமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளிச் சுரங்கக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அப்படிப் பிறந்ததுதான் மார்கன் டாலர்: 26.73 கிராம் எடை, 90 சதம் வெள்ளி, 10 சதம் செம்பு. 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921-லும் புழக்கத்துக்காக அச்சிட்டார்கள். ஜனங்களோ இவ்வளவு கனத்தைச் சட்டைப்பையில் சுமக்க விரும்பவில்லை. ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டி அரசாங்க நிலவறைகளில் அடுக்கிவிட்டார்கள். 1918-ல் வந்த ஒரு சட்டத்தின்படி சுமார் 27 கோடி நாணயங்கள் உருக்கப்பட்டன. மிச்சம் அங்கேயே தூங்கியது. 1960-களின் தொடக்கத்தில் மக்கள் காகிதப் பணத்தைக் கொடுத்து இந்த டாலர்களை மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். 1964 மார்ச்சில் அரசு அதை நிறுத்திவிட்டது.

அந்தப் பைகளைப் பிரித்தபோதுதான், கித்தானை ஒட்டிக் கிடந்த சில நாணயங்கள் வானவில்லாக மாறியிருந்தது தெரிந்தது. சிலவற்றில் துணியின் நெசவுகூடப் பதிந்திருந்தது. பக்கத்து நாணயம் பாதி மூடியிருந்த இடத்தில் பிறைநிலா வடிவில் வெள்ளை மிச்சமிருந்தது. அறுபது எண்பது வருடங்களில் மெதுவாக நடந்த காரியம் இது.

சரி, அடுப்புக்கு வருவோம். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தாது, ஆனால் போக்கைப் புரிந்துகொள்ள உதவும். 20 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குப் போனால் பத்து முறை இரட்டிப்பு, அதாவது ஆயிரம் மடங்கு. ஒரு வருடத்து வேலை ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெறும் சூடு மட்டும் வெள்ளிக்குப் போதாது, கந்தகமும் வேண்டும். அதற்காகப் பழுப்பு உறைக்குள் வைத்து ஓவனில் சுடுபவர்களும், உருளைக்கிழங்குக்குள் செருகி வேகவைப்பவர்களும் உண்டு. கந்தகத்தையே சூடாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. சாதம் வடிக்கிற அடுக்களையில் செய்யக்கூடிய காரியமே அல்ல.

செம்புக்குக் கந்தகம்கூடத் தேவையில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் போதும். 1970-களைச் சேர்ந்த, 95 சதம் செம்பான ஒரு சென்ட் காசை மின்சார அடுப்பில் வைத்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் ஆரஞ்சு, ரோஜா, ஊதா என்று நிறங்கள் ஓடின. இன்னும் கொஞ்சம் விட்டதும் எல்லாம் மங்கி அழுக்குக் கறுப்பு. அழகு தங்கியது சில விநாடிகள்தான். பயந்துபோய் முன்னாலேயே எடுத்திருந்தால் பழுப்போடு நின்றிருக்கும். ஒரு எச்சரிக்கை: 1982-க்குப் பிந்திய சென்ட் வெறும் செம்பு முலாம் பூசிய துத்தநாகம். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். வருடம் பார்க்காமல் அடுப்பில் வைத்தால் செம்புத் தோல் கொப்பளித்து உள்ளே இருப்பது ஒழுகிவிடும். (2025 நவம்பரில் புழக்கத்துக்கான சென்ட் அச்சிடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பள்ளி அரங்கில் மாதம் ஒருமுறை நடக்கும் நாணயச் சந்தையில் கடை போடும் ஒரு முதியவரிடம் கேட்டேன். நாணயத்தை விளக்கடியில் மெல்லச் சாய்த்துக் காட்டினார். "நிறத்தைப் பார்க்காதே, நிறத்துக்கு அடியில் பார்" என்றார். அச்சடிக்கும்போது உலோகம் நகர்ந்த நுண்ணிய கோடுகளால், புது நாணயத்தைச் சாய்த்தால் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளி சுழலும். இயற்கையாக நிறம் ஏறியதில் அந்தச் சுழற்சி நிறத்தின் ஊடே தெரியும். சூட்டில் வெந்ததில் பெரும்பாலும் செத்திருக்கும்.

அடுத்தது, நான் நினைவில் வைக்கச் சொன்ன வரிசை. இயற்கையில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே கருஞ்சிவப்பு வந்தாக வேண்டும். நடுவில் எதுவுமில்லாமல் மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தாவினால் சந்தேகப்பட வேண்டும். எழுத்துகளும் முகமும் மேடிட்ட இடங்களைச் சுற்றித் துணி படாமல் நிறம் மாறியிருக்கும். மேடு பள்ளம் பார்க்காமல் பூசியது போலிருந்தால் அதுவும் சந்தேகம்தான். 1986-லும் 1987-லும் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய தரச்சான்று நிறுவனங்கள், நிறத்தின் மேல் நம்பிக்கை வராவிட்டால் தர எண் கொடுப்பதில்லை. அமெரிக்கச் சட்டம் மோசடி நோக்கத்தோடு நாணயத்தை மாற்றுவதைக் குற்றம் என்கிறது.

இவ்வளவும் சொன்னாலும் நல்ல கண்ணுள்ளவர்களே சில நாணயங்களில் ஒத்துப்போவதில்லை. காரணம் எளிது: நிலவறையில் வந்தாலும் ஓவனில் வந்தாலும் படலம் அதே வெள்ளி சல்ஃபைடு. அப்படியானால் விலை எதற்கு? விற்கிறவர், "நேற்று ராத்திரி நான்தான் சுட்டேன்" என்று சொல்லிவிட்டால் யாரும் கூடுதலாக ஒரு காசு தரமாட்டார்கள். கித்தான் பைக்கும் இருட்டுக்கும் அந்த எண்பது வருடங்களுக்கும்தான் விலை. சூடுபோடுகிறவர் கள்ளத்தனமாக அச்சடிப்பது நாணயத்தை அல்ல, அதன் வயதை.

அழகாகத்தானே இருக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். ஏமாந்து வாங்கியவருக்கு நஷ்டம், நாணயத்துக்கும்தான். படலம் நாணயத்தின் சொந்த வெள்ளியைத் தின்று வளர்கிறது. பிடிக்கவில்லையென்று ரசாயனத்தில் முக்கிக் கழுவினால் அந்த வெள்ளியும் சேர்ந்து போகும். 140 வருடம் பிழைத்த தோல் அரைமணி நேரத்தில் போனால் திரும்ப வராது.

நம்மில் பலர் வீட்டுப் பூஜைப் பெட்டியில் தாத்தா காலத்து விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் இருக்கும்: 11.66 கிராம், 91.7 சதம் வெள்ளி. கறுத்துப்போயிருந்தால் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள். நிறம் வரட்டும் என்று சூடும் காட்டாதீர்கள். பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பாருங்கள். மிச்ச வேலையை அவசரமில்லாமல் காற்று செய்துகொள்ளும்.